வெள்ளி போட்ட கறை

இல்லம்மா, இப்ப மேல போகாதீங்க, துறைத் தலைவர் கூட்டத்துல இருக்காரு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அந்தப் புகார்க் கடுதாசியைப் பைக்குள்ள வைங்க, ஃபேன் காத்துல பறந்துடப் போகுது. நான் கை குடுக்கலன்னு தப்பா நினைக்காதீங்க. இப்பதான் வெள்ளிக் கரைசல் விரல்ல சிந்துச்சு, கழுவலாம்னா குழாய்ல தண்ணி வரல. என்னைத் தொட்டுடாதீங்க, அவ்வளவுதான்.

உங்க மகனை யாரோ அறைஞ்சுட்டாங்களா? இந்த லேப்லயா? இங்க யாரும்மா அடிக்கப்போறாங்க? தலைவரா? சரியாப் போச்சு. அவரு கொசுவை அடிச்சாக்கூட அதுகிட்ட மன்னிப்புக் கேப்பாரு. நேத்து இந்த ரூம்ல யாரு இருந்தாங்கன்னா... பொறுங்க, வரிசையா சொல்றேன்.

இது சிலிக்கா ஜெல். புது செருப்பு வாங்குனா பெட்டிக்குள்ள ஒரு குட்டிப் பொட்டலம் கெடக்கும்ல, சாப்பிடாதேன்னு எழுதி? அதே சரக்குதான், மாவாட்டம் பொடிச்சது. இதைக் கண்ணாடிக் குழாய்ல நிரப்பி மேல எண்ணெய்க் கலவையை ஊத்துனா, உள்ள இருக்குறது ஒண்ணொண்ணா பிரிஞ்சு கீழ இறங்கணும். எங்க எண்ணெய்ல இருக்குற ரெண்டு பொருளும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஏழு மாசமா ஒண்ணாவே இறங்குதுங்க. நான் உக்காந்து அழுதிருக்கேம்மா, நிஜமா.

அப்புறம் உங்க மகன்தான் சொன்னான்... சொன்னாரு, பொடியில வெள்ளி உப்பைக் கலந்து காய வெச்சுப் பாப்போம்னு. அந்த வெள்ளி ஒண்ணை மட்டும் கெட்டியா புடிச்சுக்கும், இன்னொண்ணு அது பாட்டுக்கு இறங்கிப் போயிடும். ஆனா வெளிச்சம் ஆகாது அதுக்கு, கறுத்துடும். அதான் குழாயைச் சுத்தி அலுமினியத் தாள். அதான் நேத்து லைட்டை அணைச்சு வெச்சிருந்தோம். அப்படிப் பாக்காதீங்கம்மா, வேலைக்காகத்தான்.

தோல்ல பட்டாலும் இதே கதைதான். படும்போது ஒண்ணும் தெரியாது, தண்ணி மாதிரி இருக்கும். வெயில்ல நாலு தெரு நடந்து வீட்டுக்குப் போனா மெல்லக் கறுக்கும். சோப்பு, எலுமிச்சை, எதுக்கும் அசையாது. தோல் உரிஞ்சாத்தான் உண்டு, பத்து நாளாவது ஆகும். தலைவர் வழுக்கையில ஒரு கறை இருக்கும் பாருங்க, யோசிச்சுக்கிட்டே சொறிஞ்சாரு. என் விரலைப் பாருங்க, இது போன வாரம் பட்டது.

ஆமா. உங்க மகன் கன்னத்துல பாத்த அதே கறுப்புதான். அதான் சொல்றேன், யாரும் அடிக்கலம்மா.

நேத்து மத்தியானம் ஒருவழியா பிரிஞ்சுது. கருவி ரூம்லேருந்து உங்க மகன் கருவி போட்டுக் குடுத்த கோட்டுப் படத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். ரெண்டு பொருளுக்கும் தனித்தனியா ரெண்டு மலை, நடுவுல நல்ல பள்ளம். ஏழு மாசம்மா! எனக்குத் தலைகால் புரியல. கையுறை ஈரமா இருக்குன்னுகூடத் தோணல.

உங்ககிட்ட என்ன சொன்னாரு? கதவுல இடிச்சுக்கிட்டாராமா? அதான் இன்னிக்கு லீவா? ஒரு பொய்யாவது யோசிச்சுச் சொல்லக் கூடாதா! நீங்களே சொல்லுங்கம்மா, ரெண்டு கன்னத்துலயும் அஞ்சஞ்சு விரல், கட்டை விரல் ரெண்டும் மூக்கோரமா பதமா பதிஞ்சிருக்கு. இப்படியா ஒருத்தன் அறைவான்? பத்து விரல் வெச்ச கதவு எங்கம்மா இருக்கு?

நான்தான். சந்தோஷத்துல முகத்தை ரெண்டு கையாலயும் புடிச்சேன். உடனே விட்டிருக்கலாம். விடல.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து முறையா உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம். எனக்கு பயமா இருக்கும்மா, ஏதாவது பேசுங்க. அந்தக் கடுதாசியில அடிச்சவங்க பேரு எழுதுற இடம் காலியா இருந்துச்சே, வேணும்னா என் பேரை எழுதிக்கோங்க.

ஐயோ, கையைப் புடிக்காதீங்கம்மா! சொன்னேன்ல, வெள்ளி... போச்சு. நாளைக்கு உங்களுக்கும் கறுத்துடும். பக்கத்து வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?

கதவுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.