சவரிராஜ் அணைத்த காற்றுப் பம்ப்

அதிகாலை மூன்று மணி பத்து நிமிடம். சிங்கப்பூரில் நம் புக்கிட் பாத்தோக் பேட்டையில், மலைப்பக்கமாகத் திரும்பும் அந்தச் சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. சிக்னல் மட்டும் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. பதினோராவது மாடியில் படுத்திருந்த செரினா சட்டென்று கண்விழித்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம்... நின்றுபோயிருந்தது.

செரினா யாரென்றால், நம் லியோனலுக்குப் பெரியம்மா. லியோனல் இன்று வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்ல விடமாட்டான். காப்பியை இப்போதே குடித்துவிடுங்கள். பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது.

நின்றது, மீன்தொட்டியின் காற்றுப் பம்ப்.

அந்தத் தொட்டிக்காக செரினா முப்பத்தொரு வருடம் காத்திருந்தார். கணவர் சவரிராஜ் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வீட்டையும் ஸ்டோர் போலத்தான் வைத்திருந்தார். படுக்கப் போகுமுன் சுவர் சுவராகப் போய் எல்லா சுவிட்சையும் அணைப்பார். டிக்... டிக்... டிக். கரண்ட்டை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கு. அதை அவரும் தொடமாட்டார், அடுத்தவரையும் தொடவிடமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். மோதிரம் போட்ட விரலால் மேசையில் இரண்டு தட்டு. டொக் டொக். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், குழம்பில் உப்பு குறைந்தாலும் அதுதான். எந்த வேலையில் இருந்தாலும் செரினா ஓடி வர வேண்டும்.

மீன்தொட்டி வாங்கலாமா என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில். "ராத்திரி முழுக்க மோட்டர் ஓடணுமா? என் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது."

சொன்ன வார்த்தைக்கு மரியாதை கொடுத்து, செரினா அவர் உயிர் போகும்வரை பொறுத்தார். நெஞ்சுச் சளி முற்றிய நோய். கடைசி இரண்டு மாதம் அவர் மூச்சு வீடு முழுக்கக் கேட்கும். மூன்று குட்டி இழுப்பு, ஒரு விசில், பிறகு ஒரு நீண்ட இடைவெளி... அடுத்தது வருமா என்று கட்டிலோரம் உட்கார்ந்து செரினா எண்ணிய இடைவெளி. மார்பில் தேய்த்த கோடாலித் தைலத்தின் வாடை திரைச்சீலையில்கூட ஏறிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கோயிலிலிருந்து எல்லாரும் சாப்பிடப் போக, செரினா லியோனலை இழுத்துக்கொண்டு நேராகத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ஒரு சந்தில் அப்துல் கையூமின் மீன் கடை. இரண்டடித் தொட்டி, ஒரு பம்ப், ஒன்பது தங்கமீன். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். செரினா கண்டுகொள்ளவே இல்லை.

முதல் இரவே மூன்று பத்துக்குப் பம்ப் நின்றது. ஹாலுக்கு வந்தால் காலடியில் சில்லென்று தண்ணீர். சுவர் சுவிட்ச் அணைந்திருந்தது. விடியும்போது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு செத்துவிட்டன. திரைச்சீலையைத் துவைத்து மாட்டிய வீட்டில் மறுபடி தைல வாடை.

காலையில் மீன் கடைக்கே போய்ச் சொன்னார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "பம்ப் தொட்டிக்குக் கீழ இருக்குல்லக்கா? நின்ன உடனே தண்ணி குழாய் வழியா இறங்கிரும். சின்னதா ஒரு வால்வு போட்டா சரியாயிரும். இந்தத் தொட்டிக்கு ஏழு மீனே அதிகம் லா. மேல்தண்ணி அசைஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் காத்து உள்ள எறங்கும். ராத்திரி நின்னுச்சுன்னா தாங்காது. அது சரி... சுவிட்சை யாரு ஆஃப் பண்ணா?"

"வீட்டுல நான் மட்டும்தான் பாய்."

அப்துல் கையூம் வால்வைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வால்வு போட்டாகிவிட்டது. தரை நனையவில்லை. ஆனால் பம்ப் நின்றது. அடுத்த நாள் சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டுப் படுத்தார். மூன்று பத்துக்குப் பார்த்தால் டேப்பை உரித்துச் சுவரில் நேராக ஒட்டியிருந்தது. நுனி மட்டும் ஒரு மடிப்பு மடித்திருந்தது. மறுமுறை உரிக்கச் சுலபமாக இருக்கும் என்று சவரிராஜ் எப்போதும் அப்படித்தான் மடிப்பார்.

செரினா மறுபடி சுவிட்சைப் போட்டார். "நானா நீங்களா, பாத்துடலாம்."

ஒன்பது இரவுகள் அப்படிப் போயின. அவர் அணைப்பார், இவர் எழுந்து போடுவார். எதிர்வீட்டு ருக்சார் தொட்டியை விற்கச் சொன்னாள். லியோனல் பங்குச் சாமியாரைக் கூட்டி வரட்டுமா என்றான்.

"எதுக்கு? என் புருஷன்கூட நான் சண்டை போடறேன். இதுக்குச் சாமியார் எதுக்குடா?"

பத்தாம் நாள் செரினாவுக்கு ஒரு யோசனை. நல்ல யோசனைதான். சிவப்பு விளக்கு எரியும் அதே சுவிட்சில் ஒரு கூட்டுப் பிளக்கைச் செருகி, விளக்கையும் பம்பையும் ஒன்றாக மாட்டினார். பம்பை நிறுத்த வேண்டுமென்றால் ஆண்டவர் விளக்கையும் அணைக்க வேண்டும். இப்போது என்ன செய்வார் மனுஷன் என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

மூன்று பத்து.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பம்பும் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் தொட்டியில் ஒரு குமிழி இல்லை. தண்ணீர் அசையவே இல்லை. ஏழு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன.

குழாயில் அடைப்பு என்று நினைத்தார். நுனியை வெளியே எடுத்து, காற்று வருகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. கன்னத்துத் தோலைப் பிடித்து இழுத்தது... மூன்று குட்டி இழுப்பு. ஒரு விசில். பிறகு இடைவெளி.

செரினா தன்னையறியாமல் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. ஒன்பதில், வெதுவெதுப்பாக, தைல வாடையோடு, கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது.

பயந்தார். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே அண்ணாந்து மீன்களைப் பார்த்தார். அதில் சின்னது ஒன்று ஒருக்களித்துச் சாயத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் முப்பத்தொரு வருடமாக வராத கோபம் வந்தது.

எழுந்தார். குழாயை மறுபடி தண்ணீருக்குள் விட்டார். சுவருக்குப் போய், பம்பின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

"சரி. உங்க இஷ்டப்படியே ஆகட்டும். இந்த வீட்டுல ராத்திரி மோட்டர் ஓடாது. அப்ப நீங்க ஊதுங்க. உங்களுக்கு ராத்திரி ராத்திரியா முழிச்சிருந்து மூச்சு எண்ணினேன்ல? இப்ப நீங்க இதுங்களுக்கு முழிச்சிருங்க. ஏழும் உயிரோட இருக்கணும். ஒண்ணு செத்தாலும் அந்தச் சிவப்பு விளக்கை நானே அணைச்சிருவேன். அப்புறம் இருட்டுல கெடங்க."

போய்ப் படுத்தார். காலை ஏழரை வரைக்கும் நன்றாகத் தூங்கினார்.

இது நடந்து எட்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு லியோனல் போனான். பட்டப்பகல். செரினா சமையல்மேடையை விட்டுவிட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏழு மீன்களும் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மூன்று சின்னது, ஒரு பெரியது... பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி மூன்று சின்னது.

லியோனல் சும்மா இருக்காமல் குழாயைப் பிடித்துக்கொண்டே தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தான். பம்பின் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது. அதன் மேல் ஒரு விரல் தூசி.

"பெரியம்மா... பம்ப் ஓடவே இல்லையே."

செரினா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அந்த நேரம் பார்த்து இடைவெளி கொஞ்சம் நீண்டது. பத்து எண்ணும் நேரம்... பதினைந்து. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கின.

அப்போதுதான் லியோனல் கவனித்தான். சவரிராஜின் மோதிரம் பெரியம்மாவின் நடுவிரலில் இருந்தது. செரினா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த விரலால் தொட்டியின் கண்ணாடியில் இரண்டு முறை தட்டினார்.

டொக் டொக்.

குமிழிகள் அவசர அவசரமாக வந்தன.