பின் டயர் அம்புக்குறி பற்றிய என் புகாரில் திருத்தம்

என் பெயர் தாட்சாயணி, வயது 32, கணவர் பெயர் ஜெயபிரகாஷ், பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன், ஆந்திர மாநிலம் நகரியில் குடியிருக்கிறேன். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. ஆகவே பெண் காவலர் கீர்த்தி முன்னிலையில் தமிழில் என் கைப்பட எழுதித் தருகிறேன். சைக்கிள் கடை கங்கையா மீது இன்று 18.11.2024 காலை புகார் கொடுத்தேன். அதன் தொடர்பாக மாலை நான்கு மணிக்கு எழுதுவது இது.

என் மகள் தரணி, வயது 10, கியர் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். கங்கையாவின் கடை பள்ளிக்கூட வாசலை ஒட்டி இருக்கிறது. அவருடைய தகர ஷெட்டால் பிள்ளைகள் நடுரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருந்ததால், செப்டம்பரில் நான் நகராட்சிக்கு மனு கொடுத்தேன், அவர்கள் வந்து ஷெட்டை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் குடையின் கீழ் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது, "ஷெட்டு போனதும் நல்லதுதான் மேடம், காத்து ஜோரா வருது" என்றார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

04.11.2024 காலை பின்சக்கரம் பஞ்சர் ஆனதால், பக்கத்தில் வேறு கடை இல்லாமல் அவரிடமே கொண்டுபோனேன். அவர் டயரை முழுதாகக் கழற்றி, உள்ளே முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அந்த நேரத்தில் திருமலையில் வேலை செய்யும் என் கணவரிடமிருந்து போன் வந்து பேசிக்கொண்டிருந்தேன். இடையில் கங்கையா ஏதோ கேட்டார், நான் தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். அவர் முன்சக்கரத்தை இரண்டு தடவை பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அதன் பிறகு மாட்டினார். காலைப் புகாரில் அந்தப் பார்வையைத்தான் அவருக்கு எதிராக எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு தரணி, "அம்மா, சைக்கிள் இப்ப லேசா ஓடிக்கினு போவுது" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஒன்பது நாள் தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை.

13.11.2024 அன்று மழைத் தண்ணீர் ரோட்டில் தேங்கியதால் ஏரிக்கரை வழியாகப் போனோம். அவள் முன்னால் மிதித்துக்கொண்டு போக, நான் குடையோடு பின்னால் நடந்தேன். கரை ஏறும் இடத்தில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. செம்மண் சேறு என் புடவையில் தெறித்தது. அதன் பிறகு சைக்கிள் வழுக்கி, அவளோடு கல்சரிவில் விழுந்தது. நான் இறங்கிப் போனபோது, "அம்மா, டிபன் பாக்ஸ் எங்க?" என்று கேட்டாள். வலது முழங்கை உடைந்திருந்தது. திருப்பதியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். கை முழுதாக நீளுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். 17ஆம் தேதி வரை ஆஸ்பத்திரியில் இருந்ததே புகார் கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம்.

வீடு திரும்பிய அன்று மாலை என் கணவரின் தம்பி ஹேமநாத் வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கழுவினார். டயரின் பக்கவாட்டில் எதிரெதிர்த் திசையில் இரண்டு அம்புக்குறிகள் இருப்பதைக் காட்டினார். "முன்னாடி போட்டா இந்த அம்பு, பின்னாடி போட்டா அந்த அம்பு, அண்ணி. பின் டயரு சேத்தைக் கடிச்சித் தள்ளணும். இதை முன் டயரு மாதிரி மாட்டிக்கிறாங்க. ரோட்டுல லேசா உருளும், சேத்துல பிடி கம்மி" என்றார். வேண்டுமென்றே செய்திருப்பாரா என்று கேட்டேன். "அவரு மனசுல இருக்கறது டயருல அச்சடிச்சா இருக்குது? சரியா மாட்டினு இருந்தாலும் அந்தச் சேத்துல வழுக்கியிருக்கலாம் அண்ணி" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் புகாரில் எழுதவில்லை.

இன்று மதியம் கங்கையாவை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். எஸ்.ஐ. கேட்டதும் அவர் என்னைப் பார்த்து, "அம்பு எந்தப் பக்கம் வைக்கணும்னு கேட்டேன் இல்ல மேடம்? 'முந்து மாதிரே பெட்டண்டி'ன்னு நீங்கதானே சொன்னீங்க? முந்துச் சக்கரத்தைப் பார்த்தேன், அப்பிடியே மாட்டினேன்" என்றார். தெலுங்கில் முந்து என்றால் முன்பு என்றும் அர்த்தம், முன்பக்கம் என்றும் அர்த்தம். முன்பு இருந்தபடியே மாட்டுங்கள் என்ற பொருளில் நான் சொன்னேன். அப்போது எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

சொன்னீர்களா என்று எஸ்.ஐ. என்னைக் கேட்டார். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு, சொன்னேன் என்றேன்.

இத்தனை வருடத் தொழிலில் இதுகூடத் தெரியாதா என்று கீர்த்தி கேட்டதற்கு, "அம்பு போட்ட டயரு என் கைக்கு வந்தது இதான் ரெண்டாவது" என்றார் கங்கையா. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. என் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்றும் எழுத மாட்டேன். ஆனால் புகாரின் மூன்றாவது வரியில் உள்ள 'வேண்டுமென்றே' என்ற வார்த்தை நான் நினைத்தது, பார்த்ததல்ல. அதை அடித்துவிட்டு, அவர் மேல் வழக்கு எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது அவர் எதிர் பெஞ்சில் இருக்கிறார். "பாப்பாக்கு எழுதுற கையா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கண்டதும் கேட்டதும் நடந்தபடியே எழுதியிருக்கிறேன். நான் வாசிக்க, எஸ்.ஐ.க்காகக் கீர்த்தி அதைத் தெலுங்கில் சொல்ல, கங்கையாவும் கேட்டார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்பமிடுகிறேன்.

ஜெ. தாட்சாயணி