விபூதி பட்ட டிஸ்க்குகள்

எந்த மெஷினாக இருந்தாலும் வேலை முடிந்ததும் மூடி போட வேண்டும், ஐயா. உங்கள் பொலிஸ் ஸ்டேஷன் டைப்ரைட்டர் திறந்தபடி கிடக்கிறது. ஹட்டன் ஈரம் பொல்லாதது; ஒரு மழைக்காலம் போதும், எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போகும்முன் நானே துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் சிங்களத்தில் எழுதுங்கள். கடைசியில் வாசித்துக் காட்டினால் கையெழுத்து வைக்கிறேன்.

என் பெயர் றோலண்ட். வயது நாற்பத்திரண்டு. 1974இலிருந்து டவுனில் ஒஃபிஸ் மெஷின் விற்கிறேன், பழுது பார்க்கிறேன். முதலில் டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இந்தப் பக்கத்து ஏஜன்ட் நான்தான். நாகலெட்சுமி அக்கா இங்கே வந்து, பூரணி என்ற பெண் செத்ததற்குத் தானே காரணம், தன்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மெஷினைப் பற்றித் தெரிந்தவன் என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அக்கா சொல்வது தவறு. எப்படித் தவறு என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அக்காவைப் போல ஒரு வாடிக்கையாளர் எனக்கு வேறு கிடையாது. டைப்ரைட்டிங் வகுப்புத் தொடங்கியபோது ஆறு மெஷினையும் என்னிடம்தான் வாங்கினார். கண்டியிலிருந்து ஒருவன் வந்து குறைத்துத் தருகிறேன் என்று நின்றான். "றோலண்டு தம்பி இருக்கையில நான் ஏங்க வேற ஆளப் பாக்கணும்?" என்று அனுப்பிவிட்டார். கலவரத்துக்கு அடுத்த வருடம், 1984இல், ஹட்டனில் முதல் கம்ப்யூட்டர் வாங்கியவரும் அவர்தான். அது என்னென்ன செய்யும் என்றுகூட முழுதாகக் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரி தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் வகுப்புக்கு வைத்துக்கொண்டது பாதி, இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலுக்கு வைத்துக்கொண்டது பாதி. அவருடைய தங்கை பேச்சியம்மா 1979இல் பிள்ளை பெற்ற இடத்தில் இரத்தம் போய் இறந்தார். பொருந்துகிற இரத்தம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய், ஆட்களின் விரலில் குத்திப் பார்த்து, பெயரும் தோட்டமும் இரத்த வகையும் எழுதிக்கொண்டு வந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். மூன்று கொப்பி நிறைய. எல்லாவற்றையும் மெஷினுக்குள் ஏற்றியதும், அந்தக் கொப்பிகளை அடுப்பில் போடச் சொன்னது நான்தான். இனிமேல் கடதாசி வேண்டாம் என்று ஊருக்குக் காட்ட அது நல்ல விளம்பரமாக இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே போட்டார்.

பட்டியல் நன்றாக வேலை செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடி வருவான். அக்கா வகையைத் தட்டினால் கிட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெயர் வரும். இரண்டு உயிர் அப்படிப் பிழைத்தது எனக்கே தெரியும்.

இந்த வருடம் பெப்ரவரியில் கம்பனி புது மொடல் கொண்டுவந்தது. கொழும்பில் ஏஜன்டுகள் கூட்டம் நடந்தது. கம்பனி உயிரோடு இருக்கப் பழைய கஸ்டமர் வேண்டுமா, புதிதாக வாங்குகிறவன் வேண்டுமா என்று மனேஜர் கேட்டார். பன்னிரண்டு பேர் இருந்தோம். பதினொரு பேர் புதியவன் என்றார்கள். நான் ஒருவன்தான் எழுந்து பழைய கஸ்டமர் என்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மனேஜர் சிரித்தார். "றோலண்ட், பழைய கஸ்டமர் கட்டின பொஞ்சாதி மாதிரி. நீ நேரத்துக்கு வராட்டியும் வீட்டிலதான் இருப்பா. பொண்ணு பார்க்கப் போற எடத்துக்குத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகணும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவைப் பற்றி அப்படிப் பேசியது போல இருந்தது.

ஆனால் ஊருக்கு வந்து எட்டு மாதம் அலைந்தும் ஒரு புது மெஷின்கூடப் போகவில்லை. எந்தத் தோட்டத்து ஒஃபிஸுக்குப் போனாலும் ஒரே பதில். ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் சூசைரட்ணம் முகத்துக்கு நேரே சொன்னார். "நாகலெட்சுமி அக்கா பழசையே வச்சி ஓட்டுறாங்க. றோலண்டு குடுத்த மெஷின் எத்தன வருசமானாலும் கெடாதுன்னு சொல்றாங்க. வாங்குனா அந்தப் பழசையே எங்கயாச்சும் தேடி வாங்கிக்கிறோம். எங்களுக்கு எதுக்குங்க புதுசு?"

அப்போதுதான் மனேஜருக்கும் தெரியாத ஒன்று எனக்குப் புரிந்தது. கேள்வியே பிழை. புதியவன் பழையவரைப் பார்த்துத்தான் வாங்குகிறான். பழையவர் மாறினால் ஊர் மாறும். அவர் திருப்தியாக உட்கார்ந்திருந்தால் ஊரும் உட்கார்ந்திருக்கும். அக்கா என்னைப் புகழ்ந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு விற்பனை போய்க்கொண்டிருந்தது. டிசம்பருக்குள் ஐந்து மெஷின் போகாவிட்டால் ஏஜன்சியை எடுத்துவிடுவதாகக் கம்பனி கடிதம் போட்டது.

நான் முதலில் நேராகத்தான் கேட்டேன். மாற்றிக்கொள்ளுங்கள் அக்கா, பழைய விலையில் பாதி கழித்துத் தருகிறேன் என்றேன்.

"இது நல்லாத்தானே ஓடுது தம்பி. ரெண்டு உசிரக் காப்பாத்தியிருக்கு. அதப் போயி எப்பிடித் தூக்கிப் போடுறது?"

அது நான் விற்ற மெஷின், நல்ல மெஷின்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். சரஸ்வதி பூசைக்கு முந்திய வாரம், சுத்தம் செய்ய வேண்டும் என்று, பட்டியல் பதிந்திருந்த டிஸ்க்குகளைக் கடைக்கு வாங்கிப்போய், பட்டியல் முழுவதையும் அச்செடுத்தேன். பதினான்கு தாள். டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா வருடா வருடம் பூசைக்கு என்னைக் கூப்பிடுவார். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்று பார்க்க மாட்டார்; எனக்கென்று தனியாகச் சுண்டல் எடுத்து வைப்பார். அன்றைக்கு ஆறு டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்து, டிஸ்க் பெட்டியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவோடு வைத்திருந்தார். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொட மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

அக்கா பிள்ளைகளுக்குச் சுண்டல் பங்கிடத் திரும்பினார். நான் கும்பிடுவது போலக் குனிந்து, ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கைலேஞ்சியில் சுற்றியபடி பெட்டியின் மேல் நான்கைந்து தடவை கொண்டுபோனேன். பதிந்ததெல்லாம் அழிந்து பத்து டிஸ்க்கும் வெறுமையாகிவிட்டன. சத்தமோ வாசமோ கிடையாது. பிறகு சுண்டல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஆள் அனுப்பினார். போனேன். திரையில் ஒன்றும் வரவில்லை. நான் மெஷினில் டிஸ்க் போடுகிற வாயைத் திறந்து விரலை விட்டுக் காட்டினேன். விரலில் விபூதி இருந்தது. எல்லா இடத்திலும் தானே பூசியிருந்தார். "அக்கா, விபூதி உள்ள போயிருக்கு. பழைய மொடல் இதத் தாங்காது" என்றேன்.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் கையாலதான் தம்பி பூசினேன்" என்றார். பிறகு, "ஒங்கக்கிட்ட ஒரு காப்பி இருக்குமே?" என்று கேட்டார். அதையும் படிக்க முடியவில்லை என்றேன்.

என் கணக்கில் எந்தக் கெடுதலும் இல்லை, ஐயா. பூசை ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்குத் தோட்டத்து ஒஃபிஸ்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். பழைய மெஷின் தொலைத்த பட்டியலைப் புது மெஷின் திருப்பிக் கொடுக்கிறது என்று அவர்கள் முன்னால் அக்காவின் கையில் கொடுத்திருப்பேன். அக்கா சந்தோஷப்பட்டிருப்பார். ஆறு நாள்தான் பட்டியல் இல்லாமல் இருக்கும். ஓ நெகட்டிவ் போன்ற அரிய வகை வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதில்லை. யார் கணக்குப் போட்டாலும் இதையே சொல்வார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் ஓடி வந்தான். நான் அப்போது அக்காவின் வகுப்பில்தான் இருந்தேன், புது மெஷினின் படத்தைக் காட்டிக்கொண்டு. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பெண், தலைப்பிள்ளை, பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் அந்த வகை கைவசம் இல்லை; கண்டியிலிருந்து வர வேண்டும், வழியில் மண் சரிந்திருக்கிறது. அந்தப் பெண்தான் பூரணி.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வேன எடுங்க. எனக்கு மூணு பேரு ஞாபகம் இருக்கு."

நான் வேனை எடுத்தேன். ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை, அதையும் எழுதுங்கள். முதல் ஆளின் தோட்டத்துக்குப் போனோம். அவர் மகள் வீட்டுக்குக் கொழும்பு போயிருந்தார். இரண்டாவது ஆள் செபமாலை, மஞ்சட்காமாலையில் படுத்திருந்தார். எழுந்து வருகிறேன் என்று வேட்டியைத் தேடினார், அக்காதான் வேண்டாம் என்றார். மூன்றாவது பெயரில் அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோட்டம் மாறிப் போய், ஒரு மணிநேரம் வீணானது. மழைப் பாதையில் நான் கவனமாகத்தான் ஓட்டினேன். பதினான்கு தாளும் என் சீட்டுக்குக் கீழே பையில் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அக்கா உள்ளே ஓடினார். நான் வேனில் இருந்தபடியே தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஓ நெகட்டிவ் பதினொரு பேர். அதில் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள தோட்டம். ஒருத்தி பெயர் வீரம்மா. வராந்தாவில் நின்றால் அந்த மலை தெரியும். பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். வியாழக்கிழமை கொடுத்துவிட்டால் சனிக்கிழமைக்கு என்னிடம் ஒன்றுமில்லை. அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பயமோ பதற்றமோ இல்லை.

மூன்று நாற்பதுக்குப் பூரணி இறந்தாள். வயது இருபத்து மூன்று. கண்டி வண்டி ஐந்து மணிக்கு வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது, பெண் பிள்ளை. புருஷன் செல்லசாமி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "நாந்தாங்க கொன்னேன். சாமிக்குன்னு பூசுன விபூதியாலயே கொன்னுட்டேன்" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் அக்காவைத் தூக்கி வேனில் ஏற்றி வீட்டில் விட்டேன்.

சனிக்கிழமைக் கூட்டம் நடந்தது. கம்பனி பாடுபட்டுப் பட்டியலை மீட்டுக் கொடுத்ததாகச் சொன்னேன். இறந்த பெண்ணைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். பழைய மொடலை இனி நம்பக்கூடாது என்று சூசைரட்ணம் கிளாக்கரே எழுந்து பேசினார். ஏழு மெஷின் போனது. மனேஜர் வாழ்த்துத் தந்தி அடித்தார். அக்கா வரவில்லை. வகுப்பை மூடிவிட்டார். அவருக்கென்று ஒரு புது மெஷினைச் சும்மாவே கொண்டுபோய் வைத்தேன், உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இங்கே வரும்வரை அவர் சோறே சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு ராசம்மா சொல்கிறாள். அது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. பன்னிரண்டு வருடப் பழக்கம். அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. அவர் பூசிய விபூதியால் ஒன்றும் ஆகவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை இரண்டு மணி போல அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஒவ்வொருவரிடமும் இரத்த வகை கேட்டுக்கொண்டு வந்தார். காவல்காரனிடம் கேட்டார், கூட்டுகிற வேலாயியிடம் கேட்டார். கடைசியில் என்னிடம் வந்தார். "தம்பி, ஒங்களுக்கு என்னா வகைன்னு தெரியுங்களா?" தெரியாது அக்கா, பார்த்ததில்லை என்றேன். பட்டியல் இல்லாமலே, மெஷின் இல்லாமலே, வராந்தாவில் நின்ற ஒருவனிடம் இரத்தம் கிடைத்துவிட்டது என்றால் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று யோசித்தேன்.

இதோ என் அட்டை. மூன்று வருடத்துக்கு முன் கண்டியில் எடுத்தது. ஓ நெகட்டிவ். பெயரையும் வகையையும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இனி எந்த ஆஸ்பத்திரியில் எந்த நேரம் தேவை வந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். உயிர் விஷயத்தில் நான் இல்லையென்று சொல்கிற ஆள் கிடையாது.