குட்டி ராஜ்தூத்தின் வெள்ளோட்டம்

உள்ள போய்ப் பாத்தாலும் இருக்காது பெரியத்தான். காலைலயே உங்க தம்பி அந்தக் குட்டி ராஜ்தூத் பைக்க எடுத்துட்டுப் போயிட்டாவ. வெள்ளோட்டம். ஆமா, இன்னைக்குத்தான். நீங்க செத்த உக்காருங்க, ஃபேனைக் கூட்டி வைக்கேன். வெளிய நிக்கிற குட்டியானை லோடு வண்டிக்காரரையும் வேப்பமரத்து நெழல்ல போடச் சொல்லுங்க. கயிறு, பலகை, தூக்குறதுக்கு ஆளு எல்லாம் கொண்டாந்திருக்கிய. உங்க அப்பா வண்டிய ஏத்திட்டுப் போகணும்னு இம்புட்டு தூரம் வந்த மனுசன வந்ததும் வராததுமாவா திருப்பி அனுப்புவேன்?

போனா? எடுக்க மாட்டாவ. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கிறவனோட லைசென்ஸைப் பிடுங்கிரணும்னு நீங்கதான சொல்லுவிய, போலீஸ் எஸ்.ஐ.யா இருந்தப்போ. ரிட்டயர் ஆனாலும் உங்க பேச்சு பேச்சுதான். உங்க தம்பி என்னைக்கு அதை மீறியிருக்காவ?

எந்தப் பக்கம் போனாவன்னா, நான் என்னத்தக் கண்டேன்? ஓட்டிப் பாக்கப் போறவிய ரோடு எங்க நல்லாருக்கோ அங்க போவாவ. வண்டி ஓடுறதே பெரிய காரியம். நீங்க குரூப்புல போட்டோவ மட்டும் பாத்துட்டு வந்திருக்கிய. செவப்பு பெயிண்டு, மூஞ்சி தெரியிற மாதிரி சைலன்ஸரு. அதுக்கு முன்னால அது இருந்த கோலம் ஒங்களுக்குத் தெரியாதா என்ன? சோழபுரம் தோட்டத்துல மோட்டார் ரூமுக்குப் பின்னால கெடந்துச்சு. ஹெட்லைட்டுக்குள்ள கோழி முட்டை போட்டிருந்துச்சு. சீட்டைக் கழட்டி யாரோ நாத்து நட வந்தவிய மணையாப் போட்டு உக்காந்திருந்தாவ.

மாமா காரியம் முடிஞ்சு பங்கு பிரிக்கையில நீங்கதான சொன்னிய, கிணத்தடி வயலு எனக்கு, தோப்பு எனக்கு, தம்பிக்கு டவுன் வீடும் அப்பா வண்டியும்னு. சபைல எல்லாரும் சிரிச்சாவ. உங்க தம்பியும் சேந்து சிரிச்சாவ, அதுதான் எனக்குப் பொறுக்கல. இப்ப மூத்தவன் வீட்டுலதான் அப்பா வண்டி நிக்கணும்னு சொல்லுதிய. அதுவும் நியாயந்தான். புது வீட்டு போர்டிகோவுல அதுக்குக் கண்ணாடிப் பெட்டி வேற அடிச்சாச்சாம்ல, உங்க வீட்ல அக்கா சொன்னாவ. லைட்டெல்லாம் போட்டு. நல்லாருக்கும்.

காப்பியக் குடிங்க, ஆறிரும்.

வண்டியா அது, நீங்களே சொல்லுங்க. சக்கரம் ரெண்டும் தோசைச் சட்டி மாதிரி. மாமா ஆறடி ஆளு. ஏறி உக்காந்தா முழங்கால் ரெண்டும் காதுகிட்ட வந்து நிக்கும். எங்க கல்யாணத்தன்னைக்கு மாமா அதுல வந்து எறங்குனதப் பாத்து எங்க அப்பா பயந்து போனாவ, மாப்ள வீட்டுல வசதி இல்லயோன்னு. பெரிய பண்ணையாரு இதுல ஏன் வாராருன்னு கேட்டதுக்கு, ஸ்டைலுக்குன்னு சொன்னாவளாம்.

அதை உங்க தம்பி இந்த ஹால்ல வச்சுத்தான் பிரிச்சாவ. வாசல்ல வச்சுப் பிரிக்க வேண்டியதுதானன்னு கேட்டேன், தூசி விழுமாம். கோழி குடியிருந்த வண்டிக்குத் தூசி ஆகாதாம். மில்லு ஸ்டோர்ஸ்ல கணக்கெழுதுற மனுசன். ஸ்பேனரை அலமாரில அடுக்கி நம்பர் ஒட்டத் தெரியும், பிடிக்கத் தெரியாது. யூடியூப்புல ஒருத்தன் இந்தியில பேசிக்கிட்டே பிரிப்பான். இவியளுக்கு இந்தி தெரியாது. அவன் கை போற எடத்துக்கெல்லாம் இவிய கையும் போகும். அவன் மூக்கச் சொறிஞ்சா இவியளும் சொறிவாவ.

சிரிக்காதிய, பட்டவ நான். கார்புரேட்டரை என் இட்லிக் கொப்பரையில போட்டு வேக வச்சாவ. அழுக்கு விடுமாம். அழுக்கு விட்டுச்சு, வாடைதான் கொப்பரைய விடல. ஒரு நாள் ரசத்துக்குப் பெருங்காயம்னு டப்பாவத் தொறக்கேன், உள்ள பூரா வாஷரு. சாமி ரூம்ல பெட்ரோல் டேங்கு காயுது. எப்படியோ எல்லாத்தையும் மாட்டி முடிச்சுப் பாத்தா ஒரு கைப்பிடி நட்டு மிச்சம். அதுக்கும் பதில் வச்சிருந்தாவ, கம்பெனிக்காரன் அந்தக் காலத்துல தாராளமாப் போட்டிருக்கான்னு.

ஏன் இந்தக் கிறுக்குன்னு ஒரு நாள் கேட்டேன். பெரியத்தான், நீங்க இதை மறந்திருப்பிய. சின்னப் புள்ளைல மாமா சந்தைக்குப் போகும்போது நீங்க முன்னால டேங்குல உக்காந்துக்கிடுவியளாம். பின்னால அத்தை. உங்க தம்பிக்கு எடம் இருக்காது. அடுத்த தடவ நீ வாலேன்னு சொல்லிட்டு மாமா கெளம்பிருவாவளாம். நீங்க வளந்து சைக்கிள் வாங்குன பொறவு போயிருக்கலாமேன்னு கேட்டேன். அப்ப அவியளும் வளந்துட்டாவளாம், டேங்குல உக்கார வெக்கமாப் போச்சாம். அவிய சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. நாந்தான் அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயிட்டேன்.

இந்துவா? காலேஜ் பஸ்ஸு அப்பவே போயிருச்சே. கிருஷ்ணன்கோவில் பஸ்ஸு எப்பவுமே சீக்கிரம் வந்துரும். கடைசி வருசம்ல. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கலுன்னு நீங்க கேட்டிய, ஞாபகம் இருக்கு. இந்த வண்டி ஓடுறதுக்கு அவதான் காரணம். அப்பா மாட்டுனத எல்லாம் திரும்பக் கழட்டி, மிச்சம் கெடந்த நட்டு ஒவ்வொண்ணும் எங்க போகணுமோ அங்க போட்டா. கேட்டா, எங்கப்பாவ ரோட்டுல நம்பி விட முடியாதும்மான்னு சொன்னா.

வெள்ளிக்கிழமைக்கா? எல்லாம் தயாரு. தளவாய்புரத்துக்காரவிய எத்தன பேரு வாராவன்னு மட்டும் சொல்லுங்க, சமையலுக்குச் சொல்லணும். பட்டாளத்து மாப்ள, தோப்பு துரவு, நல்ல எடந்தான். நீங்களே பாத்து, நீங்களே பேசி, நீங்களே முடிச்சு, பூ வைக்கிற தேதிய எங்களுக்குப் போன்ல சொன்னிய. பெத்தவங்களுக்கு ஒரு சிரமமும் வைக்கல. எத்தன பேருக்கு இப்பிடி ஒரு அண்ணன் அமையும்?

எங்க எந்திரிக்கிய? வந்துருவாவ. பாதிக் காப்பி அப்பிடியே இருக்கு. இன்னும் எஞ்சின் கதையே சொல்லலையே நான்.

சிலிண்டரு தேஞ்சு போச்சுன்னு சொன்னா இந்து. அதைக் குடைஞ்சு வேற பிஸ்டன் போடணும். இங்க ராஜபாளையத்துல கேட்ட எடமெல்லாம், இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க அண்ணாச்சின்னுட்டாவ. பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு லேத் பட்டறைல செஞ்சு குடுத்தாவ. பிஸ்டன் கெடைக்கத்தான் ரொம்ப நாளாச்சு. அந்தப் பட்டறைக்காரத் தம்பி எங்கெங்கயோ கேட்டு வாங்கி, வீட்டுக்கே கொண்டாந்து மாட்டிக் குடுத்துச்சு. ராம்கின்னு பேரு. மொதல் மொறை ஸ்டார்ட் ஆனப்போ ஹால் பூரா புகை. கொசு மருந்து அடிக்கிற வண்டி வந்திருச்சுன்னு எதிர்த்த வீட்டம்மா சன்னலைச் சாத்திட்டு தெலுங்குல வஞ்சாவ. அந்தத் தம்பி அதே தெலுங்குல என்னமோ பதில் சொல்லிச்சு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சன்னலைத் தொறந்துட்டாவ.

ஆமா, அந்தத் தம்பி வீட்ல தெலுங்குதான். அதுக்கென்ன பெரியத்தான்? பிஸ்டனுக்கு என்ன பாஷை தெரியும்?

அடிக்கடி வந்துச்சான்னா, வேலை இருந்தா வரும். வேலை இல்லாதப்பயும் வண்டில ஏதாவது கெட்டுப் போகும். இதென்ன பெரியத்தான், ஸ்டேஷன்ல வச்சுக் கேக்குற மாதிரி கேக்குதிய?

இருங்க, போன் அடிக்குது.

ம். ம். ஆச்சா? எல்லாரும் போட்டாச்சா? ஏட்டி, இப்ப என்னத்துக்கு அழுதே? சரி. அப்பா எங்க? வேண்டாம், வேண்டாம், செத்த நேரம் உக்காரட்டும். எல்லாரும் மொதல்ல சாப்பிடுங்க. ஆமா, இங்கதான். என் முன்னாலதான் உக்காந்திருக்காவ. நான் பாத்துக்கிடுதேன். வை.

இந்துதான் பெரியத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து. ஆண்டாள் கோயில் வாசல்ல மாலை மாத்தி, தாலி கட்டி, இப்ப ரிஜிஸ்டர் ஆபீஸ்லயும் கையெழுத்துப் போட்டாச்சாம். மாப்ள அந்த ராம்கிதான். புள்ளைய வண்டில பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனது உங்க தம்பி. சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவியதான். வழியில வண்டி நின்னுச்சாம். இவ பட்டுச்சேலையோட எறங்கி, பிளக்கைக் கழட்டித் தொடச்சுப் போட்டாளாம்.

கத்தாதிய, எதிர்த்த வீட்டுக்குக் கேக்கும். அவ காலேஜுக்குப் போயிருக்கான்னு நான் சொல்லலையே, பஸ்ஸு போயிருச்சுன்னுதான சொன்னேன்.

யாருக்குப் போடுதிய? ஸ்டேஷனுக்கா? போடுங்க. மேஜரான புள்ள, அப்பனே முன்னால நின்னு கட்டி வச்சிருக்கான். இதுல என்ன கேஸு போடலாம்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். காலைலயே போட்டிருந்தியன்னா வேற மாதிரி. வழியிலயே நிப்பாட்டியிருப்பாவ. அதுக்குத்தான் காரு பிடிக்கல. டிரைவரு மொத போன் உங்களுக்குத்தான் போடுவான். பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேரு உங்களுக்கு சல்யூட் வைக்கிறவன். இந்தக் குட்டி வண்டிய எவன் திரும்பிப் பாக்கப் போறான்? அப்பிடித்தான் உங்க தம்பி யோசிச்சாவ. நேத்து நீங்க வண்டிய எடுக்க வாரேன்னு போன் பண்ணவும் மனுசன் முகம் செத்துப் போச்சு. நாந்தான், வரட்டும், நான் பேசிக்கிடுதேன்னு சொன்னேன். ஒங்ககிட்ட நான் என்னைக்கு இம்புட்டு பேசியிருக்கேன்? இவ என்ன இன்னைக்கு வாய் ஓயாமப் பேசுதாளேன்னு ஒங்களுக்குத் தோணியிருக்கணும். இத்தன வருசம் போலீஸ்ல இருந்திருக்கிய.

உக்காருங்க. கோவம் வரத்தான் செய்யும், வரட்டும். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க.

நீங்க பூ வைக்கிற தேதியச் சொல்லி போனை வச்ச அன்னைக்கு, உங்க தம்பி எப்பவும் போல சரிண்ணே, சரிண்ணேன்னு சொல்லிட்டு வந்து வண்டிகிட்ட உக்காந்தாவ. இந்து எஞ்சினுக்குப் போல்ட்டு முறுக்கிக்கிட்டு இருந்தா. முறுக்கி முறுக்கி போல்ட்டே ஒடிஞ்சு கையோட வந்துருச்சு. அவிய வையல. என்னட்டி, பிடிக்கலையான்னு கேட்டாவ. அதுக்கு அவ, பெரியப்பாகிட்ட நீங்க ஒரு தடவையாவது இல்லன்னு சொல்லியிருக்கியளாப்பான்னு கேட்டா. மனுசன் அன்னைக்கு சாப்பிடல. மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுட்டு, பஸ் ஏறி அவ மனசுல இருந்த அந்த ராம்கியோட வீட்டுக்கு அவியளாவே போயிருக்காவ. எனக்குக் கூடச் சொல்லல. வந்த பொறவுதான் சொன்னாவ, மாரிக்கனி, அந்தப் பையனோட அம்மா நல்ல மனுசி, நம்ம புள்ளைய நல்லாப் பாத்துக்கிடுவாவன்னு.

இன்னைக்குக் காலைல ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்காவ. இந்து பின்னால ஏறிட்டா. வண்டிய உதைக்காம என்னையே பாத்துக்கிட்டு நிக்காவ. என்னன்னு கேட்டேன். அண்ணன் மூஞ்சியப் பாத்தா எனக்கு நாக்கு எழும்பாது மாரிக்கனி, சரிண்ணேன்னுதான் வரும், அவர் வாரதுக்குள்ள நான் போயிருதேன், நீ எனக்காக அவர்கிட்ட சொல்லிருன்னாவ.

என்னன்னு சொல்லணும்னு கேட்டேன்.

இல்லன்னு சொல்லிருன்னாவ.

சொல்லிட்டேன் பெரியத்தான்.