ஈரம் காயட்டும்

"ஈரேழு பதினாலு உலகத்துலயும் பேயைத் தரை துடைக்க வெச்சு, ஒருநாள்கூட லீவு கொடுக்காதவ ஒருத்திதான். இவரோட அக்கா."

ரிட்டையர்டு கண்டக்டர் கை நீட்டிய மூலையில் எலக்ட்ரீஷியன் மாமா வாயைக் கோணினார். கரண்ட் போன குடியிருப்பின் மாடிப்படியில், ஒற்றை மெழுகுவர்த்தியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். எலக்ட்ரீஷியன் இருந்தும் இருட்டு.

"ஆரம்பிச்சுட்டாரு," என்றார் மாமா.

கண்டக்டரின் கதையில் அது அக்கா வேலை பார்த்த மலை. மாலை ஆறரை. ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசி வேன் மலைப்பாதையில் இறங்கிப் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பாதையில் காற்றுகூடத் துணையில்லாமல் போகாது.

மேலே ஒரு ஹெல்த் ரிசார்ட். பணக்காரர்கள் காசு கொடுத்துப் பட்டினி கிடக்கும் இடம். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். சோப்பு, துண்டு, துடைப்பம், தரை துடைக்கும் லோஷன்... எல்லாவற்றுக்கும் ஸ்டோர் அக்காதான் பொறுப்பு. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அக்காவுக்குப் போக வீடு இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த அறைதான் எல்லாம். ஒரு தட்டு, ஒரு தம்ளர். பேச்சுத்துணைக்குச் சுவரில் ஒரு பல்லி... அதுவும் மழைக்கு எங்கோ போய்விட்டது.

அந்த மழையில்தான் லோஷன் குறைந்தது. ஆளில்லாத கட்டடத்தில், கேன் கேனாக.

மானேஜர் போனில் சொன்னார்: "திங்கக்கிழமை வரேன். சரக்கு சரியா இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடுங்கம்மா."

திருடனைப் பிடிக்க அக்கா ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மாடியிலிருந்து மட்டும்... சளப். கொஞ்சம் பொறுத்து, சளப். கூடவே எலுமிச்சை வாசனை.

ஏறிப் பார்த்தாள். நீள வராந்தா கண்ணாடி மாதிரி மின்னியது. நடுவில் 'ஈரத்தரை' என்ற மஞ்சள் பலகை. அவளே ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிய பலகை. ஆள் இல்லை. கோடியில் ஈரம் மட்டும் தானாக நீண்டுகொண்டே போனது.

வேறு யாராவது என்றால் அங்கேயே உயிர் போயிருக்கும். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். துடைத்த தரையை மிதிப்பது அவளுக்குக் கொலைபாதகம்.

"காயட்டும். எனக்கென்ன அவசரம்," என்றாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலை அவளே கேட்டாள்.

மறுநாள் தம்பியை வரவழைத்தாள். "நீயாவது வந்து பாருடா. நான் எடுக்கல."

"தனியா இருந்து இருந்து உனக்கு மண்டை குழம்பிப்போச்சுக்கா," என்றான் தம்பி.

சளப் என்றதும், வெறுங்காலில் அப்பிய சேறோடு வராந்தாவில் நேராக நடந்தான். பாதியில் திரும்பினான். அவனுடைய சேற்றுத் தடங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தன. சளப்... ஒன்று. சளப்... அடுத்தது. குதிகால்வரை.

"அப்புறமென்ன, மூணாவது மாடி ஜன்னல் வழியா பாஞ்சாரு பாருங்க," என்றார் கண்டக்டர். "பறந்து போயி மலையடிவாரத்துலதான் கால் ஊனினாரு. மானேஜர்கிட்ட, கேன் ஓட்டை, லோஷன் ஒழுகிப்போச்சுன்னு சொன்னாரு. அக்கா ரூம் தப்பிச்சுது. இப்ப அங்க ரெண்டு தம்ளர் இருக்கு."

"புளுகு," என்றார் மாமா.

"எதுய்யா புளுகு? மானேஜர்கிட்ட சொன்னதுதான் புளுகு. புதுக் கேன் எப்படி ஒழுகும்?"

மெழுகு சொட்டியது. மாமா இரண்டு கால்களையும் மேல்படிக்கு இழுத்துக்கொண்டார்.

"பறக்கல. ஓடக்கூட இல்ல," என்றார். "'காலைத் தூக்கு தம்பி'ன்னு காதோரமா கேட்டுச்சு. அக்கா இல்ல, அவ அந்தக் கோடியில நின்னா. தூக்கினேன்... அடியில துடைச்சுது. அப்புறம் என் உள்ளங்காலையும் துடைச்சு விட்டுச்சு. துணி வெதுவெதுன்னு இருந்துச்சு."