ரெண்டு நாப்பது படகு

— இல்லை, நிரோஷினி, காலமைப் படகு வேண்டாம். ரெண்டு நாப்பதுக்கு வெளிக்கிடுற படகுக்கு டிக்கெட் போடு.

— சீரியஸ்லி, அப்பா? காலமை கூட்டம் குறைவு. ஏரியைச் சுத்திப்போட்டு, கோட்டையைப் பாத்திட்டு, திராட்சைத் தோட்டத்துக்குள்ளை நடக்கலாம். வெப்சைட்டிலையே அப்பிடித்தான் கிடக்கு.

— வெப்சைட்டுக்கு என்ன தெரியும்? பின்னேர வெயில் கோட்டையிலை அடிக்கேக்கை ஏரிக்குள்ளை நிண்டு பாக்கோணும். உன்ர அப்பன் எட்வேட் ஒண்டு சொன்னா அளந்துதான் சொல்லுவான்.

— இஞ்சேருங்கோ, ஏரி பாக்கச் சுவிஸிலை இருக்கிற ஸ்பீட்ஸ் மட்டும் போகோணுமே? இஞ்சை ஒண்டாரியோ ஏரி கிடக்கு. கோட்டைக்குக் காசா லோமா கிடக்கு. திராட்சை வேணுமெண்டா நயாகராவுக்கு ஒண்டரை மணித்தியால ஓட்டம்.

— உதுகளுக்குப் பின்னாலை பனி மூடின மலை நிக்குதோ, வேரோனிக்கா? கலியாணம் முடிச்சு முப்பது வரியம். சுவிஸுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டா சந்தோசமா வாவன்.

— வாறன், வாறன். ஆனா சுவிஸ் மட்டும் போய் லெஸ்லி வீட்டு வாசல் மிதியாமல் வாறதெண்டா, மாதாவே, சனம் என்ன சொல்லும்? உங்கட கூடப்பிறந்த தம்பி. ஸ்பீட்ஸிலையிருந்து பத்து நிமிசம்.

— அவன்ர கதையை எடுக்காதை. தன்ர மகளின்ர கலியாணத்துக்கு எனக்கு எப்பிடிச் சொன்னவன்? வாட்சப்பிலை அழைப்புக் காட் படம்! அதுவும் இருநூறு பேர் இருக்கிற குரூப்பிலை! பெரியப்பன் நான். ஒரு போன் அடிச்சு, 'அண்ணை, வாங்கோ' எண்டு வாயாலை சொன்னவனோ?

— அது நடந்து ஆறு வருசம், அப்பா. அந்த அக்காவுக்கு இப்ப ரெண்டு பிள்ளையள்.

— பேரப்பிள்ளை கண்டாலும் வாயாலை சொன்னாத்தான் அழைப்பு. ஒருத்தருக்கும் சொல்லாமல் போறம், பாக்கிறம், வாறம். பேஸ்புக்கிலை படமும் போடக்கூடாது.

— அப்ப சூட்கேசுக்குள்ளை ரெண்டு பைக்கற் பருத்தித்துறை வடை என்னத்துக்கு? நேற்று அஜின்கோர்ட் கடையிலை வாங்கி ஒளிச்சு வைச்சிருக்கிறியள்.

— படகிலை கொறிக்க.

— அந்த முறுகல் வடையை எந்தப் பல்லாலை?

— வெயிட், அம்மா. அப்பா, லெஸ்லி சித்தப்பா அந்த ஏரிப் படகிலைதானே டிக்கெட் செக் பண்ணுறவர்?

— அதுக்கென்ன இப்ப?

— அப்பா!

— ஓம், பண்ணுறவன்தான். நாங்கள் ஏறுற செவ்வாய்க்கிழமையிலை அவனுக்கு ரெண்டு நாப்பது படகு. பேஸ்புக்கிலை போட்டவன். நான் லைக் போடேல்லை.

— அப்ப இது ஏரி பாக்கிற பயணமில்லை, என்ன?

— ஏரியும் பாப்பம்! வடிவாக் கேள், பிள்ளை. நான் காசு குடுத்து ஏறின பயணி. பேசாமல் இருப்பன். டிக்கெட் கேட்டு அவன்தான் என்னட்டை வரோணும். அவன்தான் முதல் வாய் திறக்கோணும். ஒரு பிழையும் வராது.

— டிக்கெட்டை மட்டும் பாத்திட்டுப் பேசாமல் போனாரெண்டா?

— அதுக்குத்தான் வடை. சின்னனிலை என்ர பங்கையும் பறிச்சுத் திண்டிட்டு ஓடுறவன். பைக்கற்றைத் திறந்து மடியிலை வைச்சா அவனாலை தாண்டிப் போகேலாது... எனக்கு அறுபத்தெட்டு, பிள்ளை. அவனை ஒருக்காப் பாக்கோணும். அவ்வளவுதான்.

— இஞ்சேருங்கோ, கோவிக்காதேங்கோ. அங்கத்தைக் குளிருக்கு என்ன உடுப்பு வேணுமெண்டு கேக்க நான் ஒரு போன் எடுத்தனான். நீங்கள் உள்ளுக்கு வந்த பயத்திலை கட் பண்ணாமல் மேசையிலை கவிட்டு வைச்சிட்டன். இவ்வளவு நேரமும் ஸ்பீக்கரிலை கிடக்கு.

— ஆருக்கு எடுத்தனி?

— அண்ணை, நான் லெஸ்லி. அந்த ரெண்டு நாப்பது படகு நீங்கள் வாற மாசத்திலையிருந்து மூண்டு மணிக்கு. வாங்கோ, அண்ணை.