மூன்று பாலிசி போட்ட இருக்கை

உங்கள் அலுவலகத்துப் பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். என் கடையில் கிடப்பவை எல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தவை. பாதிக் கையெழுத்தில் மை நின்றுபோகும். நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். பதினெட்டு வருடமாக அடுத்தவர்களுக்கு விபத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிடுவேன்.

முதலில் அந்த மூன்று பாலிசி விஷயம். என் ஒரே டாசியா காருக்கு மூன்று கம்பெனியில் பாலிசி இருக்கிறது என்றதும் உங்கள் உதவியாளர் புருவத்தை உயர்த்தினார். அது குற்றமில்லை. பர்லாட் நகரத்தில் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் இன்சூரன்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் கேட்கும் கேள்வியே அதுதான். டாக்சி ஓட்டும் ஃபானே ஜூலை மாதம்கூடக் கேட்டான்.

"ஒக்தாவ் அண்ணே, ரெண்டு பாலிசி போட்டுட்டு வண்டிய இடிச்சா ரெண்டு வண்டி வாங்கிரலாமா?"

"ஒரு வண்டியே முழுசா வராது. ரிப்பேருக்கு என்ன ஆகுதோ அத அவங்களுக்குள்ள பங்கு போட்டுக் குடுப்பாங்க."

"அப்ப எதுக்குண்ணே இத்தன கம்பெனி பேர போர்டுல எழுதி வச்சிருக்கீங்க, அழகுக்கா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. படிவத்தின் பின்பக்கம், இருக்கைகளுக்கான விபத்துக் காப்பீடு என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. பங்கு போடுவதெல்லாம் வண்டியின் தகரத்துக்குத்தான். இருக்கையில் இருந்த ஆள் செத்துப்போனால் பங்கு கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவன் வாரிசுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும். உயிருக்கு இவ்வளவுதான் விலை என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

என் மனைவி சில்விகாவுக்குப் பெற்றோர் இல்லை, எங்களுக்குக் குழந்தையும் இல்லை. அவளுக்கென்று இருந்தவன் தம்பி ரேலு ஒருவன்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஜெர்மனியில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலை. எல்லோரையும் போல ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு வலேனிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். இரண்டாம் நாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தான்.

"அக்கா, அங்க ஒரு கெழவி தனியா இருக்கு. கூட இருந்து பாத்துக்கிட்டாப் போதும். என்கூட வந்துரு."

"இவருக்கு யாருடா ஆக்கிப் போடறது?"

"மச்சானுக்கா? தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அவருக்கு அவரே பரிமாறிக்குவாரு."

சில்விகா வாய்விட்டுச் சிரித்தாள். பதினாறு வருடத்தில் என் சாப்பாட்டு மேசையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வலித்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சுங்க. எப்பத் திரும்புவேன்னு கேக்காதீங்க."

அதுவரை வண்டிக்கு ஒரு பாலிசிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை இன்னும் இரண்டு எடுத்தேன், மூன்றிலும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். ரேலு இல்லாவிட்டால் அவள் போக மாட்டாள், அது தெளிவு. ஆனால் தம்பியைப் பறிகொடுக்கிறவளை வெறுங்கையோடு விடுவது நியாயமில்லை. ஒருவருக்கு இழப்பை உண்டாக்கினால் அதை ஈடுகட்டவும் வேண்டும். என் பிழைப்பே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் முன்னால் வந்து வண்டியை வெளியே எடுத்தேன். சில்விகா தம்பியோடு பின்னால் வந்தாள், முகம் வெளுத்திருந்தது. தலைவலிக்கிறது, அடுத்த வாரப் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். ரேலு எவ்வளவோ கேலி செய்தும் அவள் மசியவில்லை. அவள் பையைப் பின் இருக்கையிலிருந்து நானே இறக்கி வைத்தேன். அவனையும் இருக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஏறினான்.

ஏறியதும் பெல்ட் போட்டுக்கொண்டான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவன் பெல்ட் போடுவது, விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது போல. பெல்ட் போடவில்லை என்று வண்டி கத்தாமல் இருக்க, அதை முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டிவிட்டு, அதன் மேல் சாய்ந்துகொள்வார்கள்.

"என்ன மாப்ள பெல்ட்டு? இத்தன வருஷமா ஓட்டறேன். எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படியில்ல மச்சான். அங்க இருந்து பழகிருச்சு."

"சரி, போட்டுக்க. உன் இஷ்டம்."

வாசற்கதவில் சில்விகா நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். பெல்ட் அப்படியே இருந்தது. நான் மெதுவாக ஓட்டினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவையும் அணைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் போயிற்று, கிணறு போயிற்று. அவன் இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தான். பெல்ட்டின் விளிம்பை விரலால் நெருடிக்கொண்டே வந்தான். பாலம் கண்ணில் பட்டது.

பாலத்தின் மேல் அவன் கொக்கியைக் கழற்றினான். முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டினான்.

"கோவிச்சுக்காத மச்சான். இந்தா, போதுமா?"

அவன் நல்ல பையன், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. கழற்றாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நேரே பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வகையில் முடிவு அவன் கையில்தான் இருந்தது.

பாலத்துக்கு அப்பால் சாலையின் வலப்பக்கம் அக்ரூட் மரங்கள், அடியில் சுண்ணாம்பு அடித்தவை. அவற்றில் ஏழாவது மரம் பெரியது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே நடந்து போய்ப் பார்த்து வைத்திருந்தேன். குறுக்கே நாய் வந்தது என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேனே, அது பொய். நாய் எதுவும் வரவில்லை. வண்டியின் வலப்பக்கம், ரேலு உட்கார்ந்திருந்த பக்கம், மரத்தில் மோதும்படி திருப்பினேன். எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. ரேலு உடனே போய்விட்டான்.

வண்டியின் சேதத்துக்கு ஒரே ஒரு கம்பெனியில்தான் விண்ணப்பித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டிலும் கேட்டிருந்தால் அது மோசடி.

ரேலு இறந்த ஒன்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பாதிரியார் விசாரியோன் உங்களிடம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். விபத்து நடந்த ஞாயிறன்று காலை, பூசைக்கு முன் நான் அவரிடம் கொடுத்த பெயர்ச் சீட்டு அது. எங்கள் கோவிலில் எல்லோரும் கொடுப்பதுதான்: இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள், அவர் வாசித்து வேண்டிக்கொள்வார். ரேலுவின் பெயரை நான் வலப்பக்கம் எழுதியிருந்தேன். மறதியால் அல்ல. மத்தியானம் இறக்கப் போகிறவனுக்கு முதல் வேண்டுதல் அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போக வேண்டாமே என்று நினைத்தேன். எதையும் கெடு தேதிக்கு முன்பே செலுத்திவிடுவது என் வழக்கம். அதுதான் நான் செய்த ஒரே தவறு.

பாதிரியார் கோவில் வாசலில் சில்விகாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். "உங்க வீட்டுக்காரரு பக்கம் மாத்தி எழுதிட்டாரும்மா. நான் உயிரோட இருக்கறவங்களோட சேத்தே படிச்சிட்டேன், பயப்படாதீங்க." அவள் பயந்துவிட்டாள். தம்பியிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்தாலும், அக்காவின் மனசுக்காகப் பெல்ட் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். இதெல்லாம் நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாக்குமூலம் கொடுத்த கையோடு அவள் ஜெர்மனிக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்பதும்.

பிறகு நீங்கள் அந்தச் சீட்டை என் பக்கம் திருப்பி, ரேலுவின் பெயருக்குக் கீழே விரலை வைத்தீர்கள். ஆமாம், அதே வலப்பக்கத்தில் சில்விகா என்றும் எழுதியிருக்கிறது. அதுவும் என் எழுத்துதான். அவள் பின் இருக்கையில் உட்கார்ந்து வருவதாகத்தானே இருந்தது. இங்கே பின்னால் இருப்பவர்கள் பெல்ட்டைத் தொடுவதே இல்லை. அவளும் இறந்திருந்தால் பணம் யாருக்குப் போயிருக்கும் என்று கேட்டீர்கள். கணவனுக்கு. படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, நான் எழுதியதல்ல. பணத்துக்காகச் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். அவள் என்னை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் நினைத்தது. அன்று சொன்னபடி வண்டியில் ஏறியிருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள்.